வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில்

மாரியம்மன் துணை

அல் ஐன்,
புதன்கிழமை

அன்பு மகள் சுகந்தாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டுகிறேன் என்று அடுத்த வரி எழுத வேண்டும், ஆனால் நீ அங்கே இருக்கிறாயா என்பதே எனக்குத் தெரியாது. சனிக்கிழமையிலிருந்து உன் போன் போகவில்லை. அனுப்பின மெசேஜ் எல்லாவற்றுக்கும் ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது. அதனால் இதைக் கையால் எழுதி, எங்கள் சூப்பர்வைசர் முகம்மது சித்தீக் தம்பியிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து, உங்கள் ஹொஸ்டல் கேட்டில் இருக்கிற அந்த டொய்னா அம்மாவின் போனுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். அவர் நம்பர் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று நீ ஆச்சரியப்படுவாய், அதைப் பிறகு சொல்கிறேன். வீட்டில் அப்பாவுக்குக் கால் வீக்கம் வற்றிவிட்டதாம், தேயிலை மலைக்கு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். தம்பி நிருபன் பண்டாரவளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான், விடிய ஏழு மணி பஸ்ஸுக்குப் போகிறானாம். இரண்டு பேரிடமும் உன்னைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவின் போன் ஏன் வேலை செய்யவில்லை என்று தம்பி கேட்டான், சார்ஜர் பழுதாக இருக்கும் என்றேன். அப்பாவுக்குத் தெரிந்தால் ராத்திரி சாப்பிடமாட்டார், தெரிந்தும் அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை, என்னாலேயே ஒன்றும் செய்ய முடியவில்லையே.

போன வெள்ளிக்கிழமை நீ போன் எடுத்தபோது நான் லோண்டரியின் பின்வாசலில் நின்றேன் மகள். ஹோட்டல்களில் கலியாணக் கூட்டம், விரிப்பு மலையாக வந்து விழுந்துகொண்டிருந்தது, போன் பேச ஐந்து நிமிடம்தான் என்று சொல்லித்தான் வெளியே விட்டார்கள். நீ சொன்னது எல்லாம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. லைன் நடுவில் மெஷின்களை நிறுத்தச் சொல்லி ஒரு மேலதிகாரி அவர்கள் பாஷையில் பேப்பர் வாசித்தாராம், உங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லையாம், பக்கத்து மெஷின் மரியானா அழத் தொடங்கியதைப் பார்த்துத்தான் ஃபேக்டரியை மூடப்போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்ததாம். ஓடர் தருகிற கம்பெனி இன்னும் மலிவான நாட்டுக்குப் போகிறதாம், மாதக் கடைசியோடு முடிவாம். கட்டுநாயக்க கார்மென்டிலும் இதே சொல்லைத்தான் சொல்லி உங்களை அனுப்பினார்கள். அங்கே ஓடர் இல்லை என்றுதானே நீ அவ்வளவு தூரம் ருமேனியாவுக்குப் போனாய். போன புதிதில் நீ சொல்வாய், கார்மென்டுக்குப் பக்கத்தில் ரயில் பெட்டி செய்த பழைய ஃபேக்டரி ஒன்று கூரை விழுந்து கிடக்கிறது, உள்ளே மரம் முளைத்திருக்கிறது, எங்கள் ஹொஸ்டலும் அந்த ஆட்கள் இருந்த கட்டடம்தான் என்று. மரியானாவின் மகள் இத்தாலியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டாள், அவள் இருந்த மெஷினில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றும் சொன்னாய். நான் அப்போது சந்தோஷப்பட்டேன், யாரோ ஒரு பிள்ளை போனதால் என் பிள்ளைக்கு இடம் கிடைத்தது என்று. இப்போது அந்த நினைப்பே வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு நீ சொன்னாய், ஏஜென்சி ஆள் அடுத்த வெள்ளிக்கிழமை பேப்பரோடு வருவார், வேறு ஊரில் பார்சல் கட்டுகிற பெரிய ஸ்டோர் ஒன்றில் வேலை இருக்கிறது, ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் டிக்கெட் போட்டுக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார் என்று. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, நாகவள்ளியும் இன்னும் ஒன்றிரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேனில் இத்தாலிக்குப் போகிறார்கள், பார்டரில் இப்போது முன்னைப்போல நிறுத்திப் பார்ப்பதில்லையாம், அங்கே வீட்டு வேலை ஏற்பாடு செய்ய ஆள் இருக்கிறதாம், வேனில் எனக்கும் ஓர் இடம் இருக்கிறது, "அம்மா, நான் போகவா, வேணாமா, நீங்க சொல்லுங்க" என்று கேட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து யல்லா, யல்லா என்று கூப்பிட்டார்கள், பிறகு பேசுகிறேன் மகள் என்று வைத்துவிட்டேன். உள்ளே போய் மெஷினில் விரிப்பைப் போடும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இந்த அரபு நாடுகளுக்கு வந்து பதினாறு வருடம். நீ எந்தப் பள்ளிக்கூடம் போவது, என்ன பாடம் எடுப்பது, கட்டுநாயக்கவுக்குப் போவது, ருமேனியாவுக்குப் போவது, எல்லாம் நீங்களே முடிவு செய்து பிறகு எனக்குச் சொன்னீர்கள். நீ வாய் திறந்து என்னிடம் அனுமதி கேட்டது இதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை நான் எடுத்தபோது போன் போகவில்லை, ஞாயிறும் போகவில்லை. திங்கள் கொழும்பு ஏஜென்சிக்கு எடுத்தேன், ஒரு பிள்ளை ஃபைலைப் பார்த்துவிட்டு, அந்தக் கம்பெனி கேஸ் முடிந்துவிட்டது, இனி அங்கே இருக்கிற ஏஜென்சியைத்தான் கேட்க வேண்டும் என்றது. அந்த ஏஜென்சி நம்பரில் பாட்டுத்தான் பாடியது. சித்தீக் தம்பி இராமநாதபுரம் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், உன் வயதில் அவருக்கும் ஒரு தங்கை இருக்கிறாள். நான் டிரொலியைக் கொண்டுபோய்ச் சுவரில் இடித்ததைப் பார்த்துவிட்டு என்ன அக்கா என்று கேட்டார், எல்லாவற்றையும் சொன்னேன். "அழாதீங்கக்கா, முதல்ல ஹாஸ்டல் நம்பரைப் பிடிப்போம்" என்று, நீ முந்தி அனுப்பிய போட்டோ ஒன்றில் கேட்டுக்குப் பின்னால் தெரிந்த போர்டைப் பெரிதாக்கி அதிலிருந்து நம்பரை எடுத்தார். நேற்றுப் பகல் எடுத்தோம். ஒரு வயதான பெண் குரல். சித்தீக் தம்பி இங்கிலீஷில் பேசினார், அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, சுகந்தா, சுகந்தா என்று நான் கத்தினேன், அதுவும் விளங்கவில்லை. அப்போதுதான் குல்நாரா கையை நீட்டிப் போனை வாங்கினாள். குல்நாராவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், என்னோடு மடிக்கிற மேசையில் நிற்கிற கிர்கிஸ்தான்காரி, ஐம்பத்தேழு வயது. அவள் போனில் ரஷ்யன் பாஷையில் ஏதோ கேட்டாள், அந்த அம்மா தட்டுத்தடுமாறி ஒவ்வொரு சொல்லாகப் பேசத் தொடங்கினார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ரஷ்யன் படிப்பித்தார்களாம், ஐம்பது வருடமாக வாயில் எடுக்கவில்லையாம்.

மகள், அந்தப் பத்து நிமிடத்தை நான் எப்படி எழுதுவது. இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், எனக்கு ஒரு சொல் தெரியாது, உன் பெயர் வருகிறதா என்று குல்நாராவின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். முதலில் இரண்டு தடவை வந்தது. குல்நாரா போனைக் கையால் மூடிக்கொண்டு, உன் மகளுக்கு நீளமான முடியா என்று கேட்டாள், ஆமாம் என்றேன், அவள் திரும்பிக் கேட்டுவிட்டு, அந்த அறையில் இருந்த ஐந்து பிள்ளைகளுக்கும் நீளமான முடிதானாம் என்றாள். அதற்குப் பிறகு உன் பெயர் வரவே இல்லை. குல்நாரா பெருமூச்சு விடுகிறாள், ஏதோ எண்ணிக்கை சொல்கிறாள், ஒரு தடவை சிரிக்கிறாள், பிறகு கண்ணைத் துடைக்கிறாள். உனக்கு ஏதோ நடந்துவிட்டது, சொல்லத் தெரியாமல் சுற்றி வளைக்கிறார்கள் என்றே நினைத்தேன். போனை வைத்த பிறகு கேட்டால், அவர்கள் பேசினது அவரவர் ஃபேக்டரியைப் பற்றியாம். டொய்னா அம்மா அந்த ரயில் பெட்டி ஃபேக்டரியில் பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டினவராம், எட்டாயிரம் பேர் வேலை செய்த இடமாம், இப்போது அதே ஆட்களின் ஹொஸ்டலில் கேட் காவல். குல்நாரா அவளுடைய நூல் மில்லைப் பற்றிச் சொன்னாளாம். இரண்டு பேருக்கும் ஒரே வருடத்தில் வேலை போயிருக்கிறது. எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் அவளைத் திட்டவும் வாய் வரவில்லை. உன்னைப் பற்றிக் கிடைத்தது இவ்வளவுதான்: ஞாயிறு விடியற்காலையில் மூன்று பிள்ளைகள் பேக்கோடு வெளியே போனார்கள், இரண்டு பேர் இருக்கிறார்கள், அந்த இரண்டு பேரும் பகல் முழுக்கத் தையல் மெஷின்களைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கப் போகிறார்கள், பெயர் தனக்குத் தெரியாது, கேட்டுவிட்டுக் குல்நாராவின் நம்பருக்கு எடுக்கிறேன் என்றாராம்.

ராத்திரி அறையில் குல்நாராவிடம் கேட்டேன், உன் மில்லை மூடினபோது நீ என்ன செய்தாய் என்று. அவள் பேச்சு அரை இங்கிலீஷ், அரை ஹிந்தி, நடுவில் கொஞ்சம் அரபு, எனக்குப் பழகிவிட்டது. பதினெட்டு வயதில் சேர்ந்தாளாம். ஒருநாள் இனி அந்தப் பெரிய நாடே இல்லை என்று ரேடியோவில் சொன்னார்களாம், அடுத்த நாளும் எல்லாரும் வழக்கம்போல ஷிப்டுக்குப் போனார்களாம், நாடு இல்லாவிட்டாலும் மில் இருக்கிறதே என்று. பிறகு பஞ்சு வருவது நின்றது, சம்பளத்துக்குப் பதில் துணிச்சுருள் கொடுத்தார்கள், பிறகு அதுவும் இல்லை. திரும்பத் திறப்பார்கள் என்று அவளுடைய லைன் மேஸ்திரி அம்மா சொன்னதை நம்பி, அவளும் முப்பது பெண்களும் பதினொரு மாதம் சம்பளம் இல்லாமல் முறை வைத்து மெஷின்களுக்குக் காவல் இருந்தார்களாம், குளிருக்கு எண்ணெய்த் துணியை எரித்துக்கொண்டு. கடைசியில் லொரி வந்து மெஷின்களை உடைத்துப் பழைய இரும்பாக ஏற்றிக்கொண்டு போனதாம். அந்த ஊரில் எஞ்சினியராக இருந்தவர் டாக்சி ஓட்டினார், கணக்கு டீச்சர் சந்தையில் சொக்ஸ் விற்றார், இவள் மொஸ்கோவில் மாடிப்படி துடைத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தாள். "ஃபேக்டரி ஹலாஸ் என்றால் ஹலாஸ், உன் மகளைக் காத்திருக்க விடாதே" என்றாள், முடிந்தது முடிந்ததுதானாம். சரி, அப்படியென்றால் இத்தாலிக்குப் போவது நல்லதுதானா என்று கேட்டேன். அவளுடைய தங்கை அப்படிப் பேப்பர் இல்லாமல் எங்கேயோ போய்ப் பதினான்கு வருடம் ஆகிறதாம், தாய் செத்ததற்குக்கூட வர முடியவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். சித்தீக் தம்பியோ, பார்சல் வேலையில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், பேப்பர் இருந்தால் போதும் என்கிறார். ஆனால் அந்த பார்சல் ஸ்டோரிலும் அடுத்த வருடம் மெஷின் வந்துவிடாதா, எங்கள் லோண்டரியிலேயே மடிக்கிற மெஷின் ஒன்று வந்து இறங்கிவிட்டது, பன்னிரண்டு பேர் நின்ற மேசையில் ஏழு பேர் நிற்கிறோம். நேரமாகிவிட்டது, டியூட்டிக்குப் போக வேண்டும், மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

வியாழக்கிழமை

மகள், இன்று பகல் டொய்னா அம்மா குல்நாராவின் போனுக்கு எடுத்திருக்கிறார். நான் அந்த நேரம் உள்ளே விரிப்பை அயன் பண்ணுகிற பிரஸ் பக்கத்தில், போன் கொண்டுபோக விடாத இடம். நான் வெளியே வரும்போது குல்நாரா வாசலிலேயே நின்றாள், என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "சுகந்தா தேர். சுகந்தா நோ கோ" என்றாள், நீ போகவில்லை, அங்கேதான் இருக்கிறாய். நான் அந்த அழுக்குத் துணி டிரொலியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் போனைச் சனிக்கிழமையே நாகவள்ளியிடம் கொடுத்துவிட்டாயாம், அவளுடைய போன் உடைந்து கிடந்ததால் வழியில் உதவும் என்று. அவளோ அதை அணைத்து வைத்திருக்கிறாள், அதனால்தான் இந்த ஐந்து நாளும் எனக்கு ஒரு டிக். என் நம்பர் உனக்கு மனப்பாடம் இல்லை, அந்தப் போனில்தான் இருந்தது. உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பிள்ளை போகிற வழியில் போன் இல்லாமல் போகக்கூடாது என்று கொடுத்திருக்கிறாய், நல்ல காரியம்தான். குல்நாரா கொண்டுவந்து கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன், எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

அதற்குப் பிறகுதான் குல்நாரா மிச்சத்தைச் சொன்னாள். நீயே போனை வாங்கி அவளோடு இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசினாயாம். "மம்மா நோ ஸ்பீக், ஸோ மம்மா மீன் நோ. ஸோ ஐ ஸ்டே" என்றாயாம். நாளைக்கு ஏஜென்சி ஆள் வருகிறார், அவரிடம் எதற்குக் கையெழுத்துப் போடுவது, அதையும் அம்மா சொல்லட்டும் என்று சொன்னாயாம். அதைக் கேட்டவுடன் அந்தச் சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. திரும்ப எடுத்தோம், மூன்று தடவை எடுத்தோம், பதில் இல்லை. டொய்னா அம்மாவுக்குப் பகல் டியூட்டிதானாம், போனைக் கேட் அறையில் பூட்டிவிட்டு இன்று பகலோடு போய் இனி நாளை விடியத்தான் வருவாராம், வந்தவுடன் இந்தப் போட்டோக்களை உனக்குக் காட்டும்படி குல்நாரா ரஷ்யனில் எழுதி அனுப்புகிறாள். ஆகவே ஏஜென்சி ஆள் வருவதற்கு முன்னால் உனக்குக் கிடைக்கப்போகிற பதில் இந்தக் கடிதம்தான்.

நான் ஒன்று உன்னிடம் மறைத்திருக்கிறேன். நீ பெரிய பிள்ளையான வருடம் நான் குவைத்தில் இருந்தேன். லீவு தரவில்லை என்று சொன்னேன் அல்லவா, அது பொய். அந்த வீட்டம்மா அடிக்கிறவள், எட்டாம் மாதமே நான் அந்த வீட்டை விட்டு ஓடிவிட்டேன். பாஸ்போர்ட் விசா கொடுத்த முதலாளி, கஃபீலிடம் இருந்தது. இரண்டு வருடம் பேப்பர் இல்லாமல் ஆறு பெண்களோடு ஓர் அறையில் இருந்து, வீடு வீடாகப் போய் வேலை செய்தேன். படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். பல்வலி வந்து முகம் வீங்கி ஒன்பது நாள் கிடந்தேன், டாக்டரிடம் போக முடியாது, ஒரு சூடானியப் பெண் கராம்பு கொண்டுவந்து வைத்தாள். உனக்குத் தண்ணீர் ஊற்றின அன்று அப்பா போனைப் பிடித்துக்கொண்டு நின்றார், குலவைச் சத்தம் கேட்டது, நான் அந்தக் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். பிறகு அரசாங்கம் பொது மன்னிப்பு என்று அறிவித்ததில் கை ரேகை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அது நரகம் என்று உனக்கு எழுதிவிடலாம். ஆனால் அந்த இரண்டு வருடத்துக் காசில்தான் நீ பள்ளிக்கூடத்தை விடாமல் படித்தாய், தம்பி மூளைக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தான், அதையும் நான் எழுத வேண்டும். போகாதே என்று உனக்குச் சொன்னால் நான் செய்ததைத் தப்பு என்று சொல்ல வேண்டும். போ என்று சொன்னால் அந்தப் பல்வலியை உனக்குக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வாசலில் நின்று நான் யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தான், வேறு ஒன்றும் இல்லை. அது வேண்டாம் என்ற அர்த்தம் இல்லை மகள். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது ஒரு வாரம் ஆகியும் தெரியவில்லை. பார்சல் வேலை நிலைக்குமா என்று இங்கே யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வா என்று எழுத ஆசையாக இருக்கிறது, வந்தால் எதைச் செய்வாய், கட்டுநாயக்கவில் எதைத் திறந்துவிட்டார்கள்.

இன்று பின்னேரம் நாகவள்ளியின் அம்மா பதுளையிலிருந்து எனக்குப் போன் எடுத்தார். மகள் எங்கேயோ போவதாகச் சொன்னாள், பிறகு பேச்சே இல்லை, உங்கள் பிள்ளை ஏதாவது சொன்னதா தங்கச்சி என்று கேட்டார். என் பிள்ளை பத்திரமாக இருக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை அக்கா என்றேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். நான் என்ன அழுகை அழுதேன் என்று அவருக்குத் தெரியாது. நாகவள்ளி உன்னைத் தேடி எடுத்தால், வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசச் சொல், இல்லாவிட்டால் நீயாவது அந்தத் தாய்க்கு எடுத்துப் பேசு.

கையெழுத்துப் போடும் முன்னால் பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் கேட்டு வாங்கு, வாங்கின பிறகு பேனாவைத் தொடு. டொய்னா அம்மாவின் கையைப் பிடித்து ஒரு நன்றி சொல். குளிருக்குள் தலை நனைந்தபடி நிற்காதே. மற்றபடி நீ எந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டாலும் சரி, ஒன்றிலும் போடாமல் எழுந்து வந்தாலும் சரி, பிறகு அது பிழையாகப் போனால் அம்மா சொல்லித்தான் செய்தேன் என்று அப்பாவிடமும் ஊரிலும் சொல், நானும் ஆமாம் நான்தான் சொன்னேன் என்பேன். இங்கிருந்து உனக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். மாரியம்மா உன் கூட வரட்டும், நீ எங்கே போய்ப் படுத்தாலும் அந்த இடம் உனக்குப் பயமில்லாத இடமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
பானுமதி